காஸிஃபையர் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

எஞ்சின் திணறினால் எஞ்சினைப் பிரிப்பது, வடிகட்டி அடைத்தால் வடிகட்டியை மாற்றுவது, மறுநாள் காலையில் மறுபடியும் அதே தொல்லை. விறகை எரிவாயுவாக்கும் காஸிஃபையரை ஓட்டும் எல்லோரும் இந்தச் சுற்றில் கொஞ்ச காலம் சுற்றியிருப்பார்கள். நானும் சுற்றினேன். இந்தக் கருவியில் கோளாறு பிறக்கும் இடம் ஒன்று, தெரியும் இடம் வேறு என்பது புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. உலை, சைக்ளோன் (வாயுவைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் பாத்திரம்), வடிகட்டி, குளிர்விப்பான், எஞ்சின் என்று வாயு ஒரே வழியில் போகிறது. தொல்லை எங்கே தெரிகிறதோ அதற்கு ஒரு படி முன்னால் தேடுங்கள். அங்கே இல்லையா, இன்னொரு படி முன்னால். இப்படியே பின்னோக்கி நடந்தால் பெரும்பாலும் விறகுக் குவியலில்தான் போய் நிற்பீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் வாயு மேலிருந்து கீழாக இறங்கும் வகைக் கருவிக்கு. விறகுத் துண்டு, தேங்காய்ச் சிரட்டை, சோளக்கட்டை போன்றவற்றைப் போட்டு ஒரு சிறிய ஜெனரேட்டரை ஓட்டும் அளவிலானது. வாயு கீழிருந்து மேலாகப் போகும் வகை உங்களிடம் இருந்தால் அதை அடுப்புக்கும் கொதிகலனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் தார் வருவது கோளாறு அல்ல, அதன் பிறவிக் குணம். அதன் வாயுவை நேராக எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டு என்ன பிழை நீக்கினாலும் தீராது.

உள்ளே நடப்பதை ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். மேலே விறகு காய்கிறது. சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அதிலிருந்து புகையும் தாரும் பிரிந்து, மிச்சம் கரியாகிறது. நாசில் வழியே காற்று நுழையும் மட்டத்தில் 1,000 டிகிரிக்கு மேல் எரிகிறது. தார் உடைவது அங்கேதான். அதற்குக் கீழே சிவந்து கிடக்கும் கரிப்படுகை வழியாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் இறங்கும்போது கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. இந்தக் கடைசி மாற்றம் வெப்பத்தை உறிஞ்சும் வேலை. எனவே அனல் குறைந்தாலும் வாயு கெடும், கரி குறைந்தாலும் வாயு கெடும். கூடவே பாதை அடைபடலாம், அல்லது வரக்கூடாத இடத்தில் காற்று வரலாம். கீழே வரும் எல்லா அறிகுறிகளும் இந்த நான்கில் ஒன்றுக்குள் அடங்கும்.

தலை வலிக்கிறது

கருவியின் அறிகுறிகளுக்கு முன் உங்களுடைய அறிகுறி. ஷெட்டில் வேலை செய்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் அது வெயிலால் என்றோ பசியால் என்றோ நினைக்காதீர்கள். உடனே வெளியே திறந்த இடத்துக்குப் போங்கள், மற்றவர்களையும் இழுத்துப் போங்கள். தள்ளாட்டமோ மயக்கமோ இருந்தால் மருத்துவமனைக்குத்தான், ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்த வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. அதாவது சுமார் 2,00,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). சுவாசிக்கும் காற்றில் 1,600 பிபிஎம் இருந்தாலே 20 நிமிடத்தில் தலைவலியும் குமட்டலும் வரும், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரத்தில் உயிர் போகும். 12,800 பிபிஎம் என்றால் சில நிமிடங்களே. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. நிறம் இல்லை, வாசனையும் இல்லை. புகை நாற்றம் அடித்தால் வாயு கசிகிறது என்று சொல்லலாம். நாற்றம் இல்லை என்பதால் கசியவில்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் நன்றாகச் சுத்திகரித்த வாயுவில் நாற்றமும் போய்விடும்.

எங்கே கசிகிறது? கருவி ஓடும்போது, வாயுவை இழுக்கும் ஊதுவிசிறிக்கு முன்னால் உள்ள பகுதி முழுவதும் உறிஞ்சலில் இருக்கிறது. அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிர வாயு வெளியே வராது. ஓடும் நேரத்தில் ஆளுக்குத் தலை வலித்தால் ஊதுவிசிறிக்குப் பிறகுள்ள இணைப்புகளையும் எஞ்சினின் புகைபோக்கியையும் பாருங்கள். நிறுத்திய பிறகு தலை வலித்தால் கதை வேறு. உறிஞ்சல் நின்றாலும் உள்ளே விறகு கனன்றுகொண்டே இருக்கும். அந்த வாயு மேல்மூடி வழியாகவும் நாசில் வழியாகவும் மெல்ல வெளியே வரும். அதனால்தான் மூடிய அறையில் இந்தக் கருவியை வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓட்டவும் கூடாது.

நல்ல நாளின் கணக்கு

இது அறிகுறி அல்ல. ஆனால் இதைச் செய்யாவிட்டால் எந்த அறிகுறியும் பிடிபடாது. கருவி நன்றாக ஓடும் ஒரு நாளில் நான்கு எண்களைக் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள்: உலையின் மேலுக்கும் வெளிவழிக்கும் உள்ள அழுத்த வேறுபாடு, வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு, உலையை விட்டு வரும் வாயுவின் வெப்பநிலை, எஞ்சினுக்குள் நுழையும் வாயுவின் வெப்பநிலை. அழுத்தத்துக்கு விலையுயர்ந்த மீட்டர் எதுவும் வேண்டாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ‘ப’ வடிவத்தில் வளைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டினால் போதும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மில்லிமீட்டரில் படிக்கலாம்.

எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். கருவிக்குக் கருவி, லோடுக்கு லோடு அது மாறும். உங்கள் கருவியின் நல்ல நாள் எண்ணிலிருந்து இன்று எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்னொன்று: அழுத்தக் குழாயே தாரால் அடைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் அசையாமல் ஒரே எண்ணைக் காட்டிய குழாயைப் பார்த்து, கருவி எவ்வளவு சீராக ஓடுகிறது என்று நான் பெருமைப்பட்டது உண்டு. லோடை ஏற்றி இறக்கும்போது தண்ணீர் மட்டம் ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள்.

எரிமுனையில் வாயு பற்றவில்லை

குளிர்ந்த கருவியைப் பற்றவைத்து 15, 20 நிமிடம் ஆகியும் எரிமுனையில் (எஞ்சினுக்குக் கொடுக்கும் முன் வாயுவை எரித்துப் பார்க்கும் குழாய்முனை) தீ நிற்கவில்லை. முதலில் வெளியே வரும் புகையைப் பாருங்கள்.

கெட்டியான வெள்ளைப் புகை, கையில் பட்டால் ஈரம் தட்டுகிறது என்றால் பெரும்பகுதி நீராவி. விறகு ஈரமாக இருக்கிறது, அல்லது அனல் இன்னும் பரவவில்லை. மஞ்சள் கலந்த, கண்ணைக் கரிக்கும் புகை என்றால் விறகு கரியாகும் கட்டத்தில் வரும் தார்ப்புகை உடையாமல் வெளியே வருகிறது. நாசில் மட்டத்தில் போதிய கரி இல்லாமலேயே பற்றவைத்திருப்பீர்கள். நாசிலுக்குக் கீழேயும் அதற்கு ஒரு சாண் மேலேயும் வரை கரி நிரம்பியிருக்க வேண்டும். விறகு அதற்கு மேலேதான். புதிதாக நிரப்பும்போது சோம்பல்பட்டு விறகையே அடியிலிருந்து அடுக்கினால் முதல் அரை மணி நேரத்துத் தார் முழுவதும் குழாய்களுக்குள் போய் உட்காரும்.

புகையே வரவில்லை அல்லது மிக மெலிதாக வருகிறது என்றால் பாதை அடைத்திருக்கிறது, இல்லையேல் உறிஞ்சல் வேறெங்கோ போகிறது. நாசிலின் வாயில் ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். உள்ளே இழுத்தால் உறிஞ்சல் உலைவரை வருகிறது. இழுக்கவில்லை என்றால் ஊதுவிசிறி, வால்வு, நீர்முத்திரை (தண்ணீரால் வாயுவழியை அடைக்கும் பகுதி) என்று பின்னாலிருந்து முன்னால் பாருங்கள். ஊதுவிசிறியின் மோட்டாரைத் தலைகீழாக இணைத்து அது எதிர்ப்பக்கம் சுற்றுவது ஒன்றும் அபூர்வமில்லை.

பற்றிய வாயு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். ஊதா கலந்த நீலம், ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு. தீ முழுக்க மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் தாரோ கரித்தூளோ வாயுவோடு வருகிறது. அந்த வாயுவை எஞ்சினுக்குத் திருப்பாதீர்கள்.

தீ நிற்கிறது, திடீரென்று சாகிறது, மறுபடி வருகிறது

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வாயு பலவீனமாகி, பிறகு தானே சரியாகிறது. உலையின் அழுத்த வேறுபாடு சட்டென்று இறங்கி மறுபடி ஏறுகிறது. விறகு இறங்காமல் தொங்குகிறது என்று அர்த்தம். துண்டுகள் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்துக் கொண்டு வளைவு போல நிற்கும். கீழே உள்ள கரி எரிந்து குழியாகும். காற்று அந்தக் குழி வழியே தடையில்லாமல் பாயும். பிறகு வளைவு இடிந்து கரியாகாத விறகு நேராக அனலில் விழும்.

கம்பியை விட்டுக் குத்துவது உடனடி வைத்தியம். ஆனால் மூடியைத் திறந்த கணத்தில் காற்று உள்ளே புகுந்து, முகத்தை நோக்கித் தீப்பிழம்பு வர வாய்ப்பு உண்டு. ஊதுவிசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும், பக்கவாட்டில் நின்று, கையுறையோடும் முகக்காப்போடும் திறங்கள். குனிந்து எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நிரந்தர வைத்தியம் கத்தியில் இருக்கிறது. நீளமான குச்சிகளும் கிளைகளும்தான் முட்டுக்கொடுக்கும். நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் கட்டைகள் உருண்டு இறங்கும். தொண்டையின் (நாசிலுக்குக் கீழே உலை குறுகும் இடம்) விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எந்தத் துண்டும் இருக்க வேண்டாம் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. உமி, மரத்தூள் போன்றவற்றைத் தொண்டை உள்ள உலையில் போட்டுவிட்டு இறங்கவில்லை என்று புலம்பாதீர்கள், அது அதற்கான உலை அல்ல.

உலையின் அழுத்த வேறுபாடு ஏறிக்கொண்டே போகிறது

தொங்குவதற்கு நேர் எதிர். காலையில் 60 மில்லிமீட்டர், மதியம் 110, மாலையில் 200, எஞ்சின் மூச்சு வாங்குகிறது. வாயு போகும் இடுக்குகள் எதனாலோ நிரம்புகின்றன. அடித்தட்டை (கரியைத் தாங்கும் கம்பித்தட்டு) நான்கைந்து தடவை குலுக்குங்கள். எண் இறங்கினால் சாம்பலும் கரித்தூளும்தான் காரணம். குலுக்கும் இடைவெளியைக் குறைத்தால் போதும். விறகோடு சேர்த்து மரத்தூளையும் பட்டையையும் அள்ளிப் போடுகிறீர்களா என்றும் பாருங்கள். அரை அங்குலச் சல்லடையில் சலித்துப் போட்டாலே பாதித் தொல்லை போய்விடும்.

குலுக்கியும் இறங்கவில்லை, அல்லது குலுக்கும் கைப்பிடியே நகரவில்லை என்றால் கட்டி பிடித்திருக்கிறது. ஆறவைத்துத் திறந்தால் கண்ணாடி உருகி உறைந்தது போன்ற கட்டி கிடக்கும். சாம்பல் உருகிவிட்டது. சுத்தமான மரத்தின் சாம்பல் எளிதில் உருகாது, அளவும் 1, 2 விழுக்காட்டைத் தாண்டாது. வைக்கோலிலும் சில புல் வகைகளிலும் பொட்டாசியமும் சிலிக்காவும் சேர்ந்து இருப்பதால் அவற்றின் சாம்பல் 800, 900 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். நெல் உமி இன்னொரு தினுசு. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதுவும் பெரும்பாலும் சிலிக்கா. எரிந்த பிறகும் உமி தன் உருவத்தை விடாமல் எலும்புக்கூடு போல நிற்கும். அதனால்தான் உமிக்குத் தொண்டை இல்லாத உலையும் சாம்பலை ஓயாமல் வெளியே தள்ளும் ஏற்பாடும் தேவை.

சுத்தமான விறகிலேயே கட்டி பிடிக்கிறதா? இரண்டு சந்தேகங்கள். ஒன்று, விறகோடு மண் வருகிறது. தரையிலிருந்து மண்வெட்டியால் அள்ளுகிறவர்களிடம் இதைத் தினமும் பார்க்கலாம். இரண்டு, எங்கோ காற்று கூடுதலாகப் புகுந்து ஓரிடத்தில் மட்டும் அனல் எகிறுகிறது. நாசில்களில் ஒன்று அடைத்து மற்றவை வழியே காற்று பீறிட்டாலும் இதுதான் நடக்கும்.

தார் வருகிறது

இதற்குத்தான் நிறைய பேர் வருவார்கள். எஞ்சினின் திராட்டிலில் (வாயு நுழையும் வால்வில்) பிசுபிசுப்பாகக் கறுப்புப் பூச்சு. காலையில் ஸ்டார்ட் செய்தால் வால்வு ஒட்டிக்கொண்டு, அதைத் தள்ளும் புஷ்ராடு வளைகிறது. வடிகட்டித் துணி மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை.

முதலில் வந்திருப்பது தார்தானா என்று உறுதி செய்யுங்கள். எஞ்சினுக்குப் போகும் குழாயில் சின்ன வால்வு ஒன்று வைத்து, கருவி வெளிக்காற்றில் இருக்கும் இடத்தில், வாயுவை ஒரு வெள்ளை வடிதாளில் இரண்டு நிமிடம் படவிடுங்கள். கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ உலர்ந்த பொடி படிந்தால் அது கரித்தூள், சைக்ளோனையும் வடிகட்டியையும் பாருங்கள். மஞ்சளாக அல்லது பழுப்பாகக் கறை பிடித்து, அசிட்டோன் விட்டால் கரைந்து பரவினால் தார், உலையைப் பாருங்கள். எஞ்சினுக்குப் போகும் வாயுவில் ஒரு கன மீட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தார் இருக்கக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. தாளில் கறை கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் அளக்காமலேயே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். தார் வடிகட்டியில் பிடிபடுகிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். உலையில் உடையாத தாரை வடிகட்டியில் பிடிக்க நினைப்பது ஓட்டைக் கூரையின் கீழ் பாத்திரம் வைப்பது மாதிரி.

காரணங்களை நான் தேடும் வரிசை இது.

ஈரம் முதலில். ‘காய்ந்த விறகுதான்’ என்று எல்லோரும் சொல்வார்கள். குவியலின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் துண்டுகளை எடுத்துச் சிறு சில்லுகளாக்கி, 100 கிராம் நிறுத்து, 105 டிகிரி அடுப்பில் எடை இறங்குவது நிற்கும்வரை வையுங்கள். 82 கிராம் மிஞ்சினால் ஈரம் 18 விழுக்காடு. 15-க்குள் இருந்தால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் தொல்லை நிச்சயம். ஒரு முறை மூன்று வடிகட்டிகளை மாற்றிய பிறகுதான் நான் அடிக்குவியலைச் சோதித்தேன். மேலே தொட்டால் சுக்குப் போலக் காய்ந்திருந்த விறகு, அடியில் மழைத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தது.

ஈரம் ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கி 1,000 டிகிரிவரை சூடேற்ற ஏறக்குறைய 4.6 மெகாஜூல் வேண்டும். 30 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் 300 கிராம் தண்ணீர், அதற்கு 1.4 மெகாஜூல். அந்த விறகில் உள்ள மரத்தின் ஆற்றல் 12.6 மெகாஜூல். ஆனால் காஸிஃபையர் அதை முழுவதும் எரிப்பதில்லை. முழுதாக எரிய ஒரு கிலோ உலர் மரத்துக்குச் சுமார் 6 கிலோ காற்று வேண்டும், நாம் கொடுப்பது அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான். ஆக உள்ளே அனலாக வெளிப்படுவது 4 மெகாஜூலுக்கும் கீழே. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரைச் சூடாக்கவே போய்விடுகிறது. 15 விழுக்காடு ஈரத்தில் இந்தச் செலவு ஏழில் ஒரு பங்காகக் குறையும். மிஞ்சும் அனலில்தான் தார் உடைய வேண்டும்.

ஈரம் சரியாக இருந்தால் அடுத்தது லோடு. இதை யாரும் சந்தேகிப்பதில்லை. 20 கிலோவாட் கருவியை 4 கிலோவாட் விளக்குகளுக்காக இரவு முழுவதும் ஓட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். விறகு நன்றாகக் காய்ந்தது, கருவியில் ஒரு ஓட்டை இல்லை, ஆனாலும் தார் கொட்டியது. இழுக்கும் வாயு குறைந்தால் நாசில் வழியே வரும் காற்றும் குறையும். அது உலையின் நடுவரை எட்டாது. ஓரத்தில் மட்டும் எரிந்து நடுவில் ஓர் இருண்ட தூண் போல அனல் குறைந்த பகுதி உண்டாகும். தார் அது வழியாகத் தப்பிப் போகும். அவர் பகலில் அறுவை இயந்திரத்தை இணைத்து நான்கு மணி நேரம் முழு லோடில் ஓட்டி, அந்த மின்சாரத்தைப் பேட்டரியில் ஏற்றி, இரவில் கருவியை அணைத்துவிட்டார். தார் நின்றது. லோடைக் கூட்ட வழியே இல்லை என்றால் கருவி உங்களுக்குப் பெரிது. சின்ன தொண்டை வளையம் போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது கரிப்படுகை. சாம்பல் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் விரல் நுனி அளவுக் கரித்துண்டுகள் நிறைய கிடந்தால், தேவைக்கு மேல் குலுக்குகிறீர்கள், அல்லது அடித்தட்டின் கம்பி உடைந்திருக்கிறது. படுகை தாழ்ந்து, வேலை செய்ய வேண்டிய கரி பெட்டியில் போய்ப் படுத்திருக்கிறது. உலையை விட்டு வரும் வாயுவின் வெப்பநிலை வழக்கத்தைவிட ஏறியிருந்தால் இது உறுதி. வெப்பத்தை உறிஞ்ச வேண்டிய வினை நடக்காமல் அனல் அப்படியே வெளியே வருகிறது. அழுத்தம் ஏறினால் குலுக்கு, தார் வந்தால் குலுக்காதே என்று இரண்டு பக்கமும் இழுக்கும் இந்த விஷயத்தில் கணக்கு வைத்துத்தான் பழக வேண்டும். மணி அடித்தால் குலுக்குவது என்று வைத்துக்கொண்டால் ஏதாவது ஒரு பக்கம் கவிழ்வீர்கள். அழுத்த எண்ணைப் பார்த்துக் குலுக்குங்கள்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் இல்லாத ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் இந்த வாயுவில்தான் ஓடின. சுவீடனில் மட்டும் ஏறத்தாழ 70,000. 1920-களில் ஜார்ஜ் இம்பெர்ட் வடிவமைத்த தொண்டை உள்ள உலைதான் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலம். அந்த ஓட்டுநர்களும் இதே மூன்றோடுதான் மல்லுக்கட்டினார்கள்: ஈர விறகு, மெதுவாக ஓட்டுவது, தாழ்ந்த கரி.

‘பப்’ என்று வெடிக்கிறது

சின்னச் சத்தம்தானே என்று விடாதீர்கள். வாயுவும் காற்றும் உள்ளே கலந்து எங்கோ பற்றியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடு காற்றில் 12.5 விழுக்காட்டிலிருந்து 74 வரை பற்றும், ஹைட்ரஜன் 4-லிருந்து 75 வரை. இத்தனை அகலமான வரம்புள்ள வாயுவில் காற்று கசிந்தால் கலவை எப்போதாவது ஒரு கணம் பொருந்திவிடும். கருவியை நிறுத்துங்கள்.

கசிவு எங்கே என்பதை வெப்பநிலை காட்டிக்கொடுக்கும். அடித்தட்டுக்குக் கீழே, சாம்பல் கதவின் கேஸ்கட்டில் கசிந்தால் சூடான வாயு அங்கேயே எரியும். வெளிவழி வெப்பநிலை ஏறும், கதவைச் சுற்றிப் பெயின்ட் கருகும். வாயு பலவீனமாகும், ஆனால் வெடிக்காது. குளிர்விப்பானுக்குப் பிறகு கசிந்தால் அங்கே பற்றும் அளவுக்குச் சூடு இல்லை. காற்று கலந்த வாயு அமைதியாக எஞ்சின்வரை போகும், அங்கிருந்து தீ பின்னோக்கி ஓடி வரும். ஆபத்தானது இந்த இரண்டாவது வகைதான்.

சோதனையைக் கருவி முழுக்கக் குளிர்ந்து, உள்ளே வாயு துளியும் இல்லாத நிலையில் செய்யுங்கள். நாசில்களையும் வெளிவழியையும் மூடி, காற்றைச் செலுத்தி லேசான அழுத்தம் ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை நுரைக்கும். நீர்முத்திரையில் தண்ணீர் மட்டம் குறைந்திருப்பதை மறந்துவிட்டு அரை நாள் ஓட்டை தேடியவர்களில் நானும் ஒருவன், ஆகவே முதலில் அதைப் பாருங்கள்.

வடிகட்டி அடிக்கடி அடைக்கிறது, அல்லது சந்தேகப்படும்படி அடைக்கவே இல்லை

துணி உலர்ந்து கறுப்பாக இருந்தால் சைக்ளோன் வேலை செய்யவில்லை. பெரும்பாலும் அதன் அடித்தொட்டி நிரம்பியிருக்கும். துணி ஈரமாகக் குழைந்திருந்தால் வாயு வடிகட்டிக்குள்ளேயே குளிர்ந்து தண்ணீர் விடுகிறது. துணி வடிகட்டியைச் சூடாக வைத்து, குளிர்விப்பதை அதற்குப் பிறகு செய்ய வேண்டும். பிசுபிசுத்தால் மேலே போய்த் தார்ப் பகுதியைப் படியுங்கள். வாரக்கணக்கில் அழுத்த வேறுபாடு ஏறவே இல்லை அல்லது ஏறியது திடீரென்று இறங்கிவிட்டது என்றால் மகிழ வேண்டாம், துணி கிழிந்திருக்கிறது.

எஞ்சின் ஓடுகிறது, இழுக்கவில்லை

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்த வாயுவில் பாதிக்குப் பக்கம் நைட்ரஜன். ஒரு கன மீட்டரில் 5 மெகாஜூல் அளவுதான், இயற்கை எரிவாயுவில் ஏழில் ஒரு பங்கு. பெட்ரோல் எஞ்சினை இதற்கு மாற்றினால் சக்தி மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். அது கோளாறு அல்ல.

அதற்கும் கீழே போனால், எஞ்சினுக்குள் நுழையும் வாயுவின் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். 40 டிகிரியில் நுழைய வேண்டிய வாயு 80-ல் நுழைந்தால் அதே கொள்ளளவில் 11 விழுக்காடு குறைவான வாயுதான் இருக்கும். குளிர்விப்பானின் உட்புறத்தில் படிந்த பிசின் இதைச் செய்யும். அடுத்து காற்று வால்வு. வாயுவுக்கு ஏறத்தாழ அதே அளவு காற்றுதான் தேவை, பெட்ரோல் பழக்கத்தில் காற்றை அள்ளிக் கொடுத்துவிடுவோம். லோடு கொடுத்தபடியே மெல்ல மூடியும் திறந்தும் எஞ்சின் நன்றாக இழுக்கும் புள்ளியைப் பிடியுங்கள். விறகு மாறினால் அந்தப் புள்ளியும் நகரும். கடைசியாக இக்னிஷன். இந்த வாயு மெதுவாக எரிவதால் பொறியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு 30 முதல் 40 பாகைவரை முன்னால் வைப்பது வழக்கம்.

டீசலோடு சேர்த்து ஓட்டுபவர்களுக்கு இந்த அறிகுறி தெரியவே தெரியாது. வாயு கெட்டால் கவர்னர் சத்தமில்லாமல் கூடுதல் டீசலை விட்டு வேகத்தைக் காப்பாற்றிவிடும். நல்ல நிலையில் 70, 80 விழுக்காடு டீசலை வாயு ஈடுகட்ட வேண்டும். மணிக்கு எவ்வளவு டீசல் போகிறது என்று அளக்காதவர், காஸிஃபையர் ஓடுகிறது என்ற நினைப்பில் பல நாள் முழு டீசலிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்.

புது எரிபொருள் போட்டதிலிருந்து எல்லாம் கெட்டுவிட்டது

கழிவுதானே, எதுவும் எரியும் என்று போட்டிருப்பீர்கள். பெயின்ட் அடித்த பலகை, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம், பிளாஸ்டிக் கலந்த குப்பை மூன்றும் வேண்டாம். பிவிசி ஒரு துண்டு போனாலும் ஹைட்ரஜன் குளோரைடு உண்டாகி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். மருந்து மரத்தில் ஆர்சனிக் இருந்தால் அது சாம்பலுக்கும் கழிவு நீருக்கும் வரும். நல்ல தாவரக் கழிவு என்றாலும் பழைய விறகோடு கால் பங்கு கலந்து இரண்டு நாள் ஓட்டி, நான்கு எண்களையும் பார்த்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். இலேசான கழிவைக் கட்டையாக அழுத்திப் போட்டால் இறங்குவது சரியாகும், சாம்பலின் குணம் மாறாது.

குளிர்விக்கும் தண்ணீர் நாறுகிறது

மருத்துவமனை வாடை மாதிரி அடித்தால் ஃபீனால். தார் அதிகமாகிவிட்டது என்பதற்கு வடிதாளைவிட முந்திய சாட்சி இது. அந்தத் தண்ணீரைச் சாக்கடையிலோ மண்ணிலோ விடக் கூடாது. தொட்டியில் தெளியவைத்து, கரித்தூள் படுகையில் வடித்து, மறுபடி மறுபடி சுழற்றுங்கள். தார் நின்றால் நாற்றமும் குறையும்.

நிறுத்திய பிறகு திறந்தால் தீ வருகிறது

ஆறவில்லை, அவ்வளவுதான். நாசில், மூடி, வெளிவழி எல்லாவற்றையும் இறுக மூடி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் தொட்டால் குளிர்ந்திருந்தாலும் நடுக்கரியில் கனல் இருக்கும். திறக்கும் முன் ஊதுவிசிறியைச் சில நிமிடம் ஓட்டி உள்ளே தேங்கிய வாயுவை வெளியேற்றுங்கள், பிறகு பக்கவாட்டில் நின்று மூடியைத் தூக்குங்கள். அள்ளிய கரியை உடனே மூட்டையில் கட்டாதீர்கள். இரும்புத் தொட்டியில் மூடிபோட்டு ஒரு நாள் வையுங்கள். அணைந்ததாக நினைத்த கரி, காற்றுப் பட்டதும் மூட்டைக்குள் மறுபடி பிடித்துக்கொள்ளும்.